காலியமும் கால்சியமும் ஒன்றல்ல: அயனி வாய்க்கால் பாடத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மலேசியாவில், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, மெட்ரிகுலேஷனிலோ பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலத்துக்குத் தாவும் மாணவருக்கு இந்தப் பாடத்தில் முதல் சறுக்கல் உயிரியலில் வருவதில்லை, பெயரில் வருகிறது. மலாய்ப் பாடநூலில் காலியம் என்றால் பொட்டாசியம். நேட்ரியம் என்றால் சோடியம். கால்சியம் மட்டும் கால்சியமேதான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு டியூஷன் வகுப்பில் மூன்று மொழியும் ஒரே வாக்கியத்தில் புரளும்போது காலியம் எப்போது கால்சியமாக மாறியது என்று யாருக்கும் தெரியாது.

இது வெறும் எழுத்துப்பிழை அல்ல. பொட்டாசியம் செல்லுக்கு உள்ளே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 4. கால்சியம் நேர்மாறு: வெளியே 1.2, உள்ளே 0.0001. செல் சவ்வில் இவற்றுக்கான வாய்க்கால் திறந்ததும் ஒன்று வெளியே ஓடும், மற்றது உள்ளே பாயும். பெயர் மாறினால் அம்புக்குறி திரும்பிவிடும், விடை முழுவதும் தலைகீழாகும். கூடவே சோடியத்தையும் குளோரைடையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் வெளியே 145, உள்ளே 12. குளோரைடு வெளியே 110, உள்ளே 10. இவை நரம்புச் செல்லுக்குத் தோராயமான எண்கள். நூலுக்கு நூல் சற்று மாறும், திசை மாறாது.

பாலமும் படகும்

'வாய்க்கால்' என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். மலாயின் 'சாலுரான்' அதற்கு மேல். எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும் திறந்த குழாய் போலத் தோன்றும். உண்மையில் இது சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் ஒரு புரதம். அதற்குக் கதவு உண்டு, எந்த அயனி (மின்னூட்டமுள்ள அணு) போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் வடிகட்டியும் உண்டு. ஆனால் தள்ளும் விசை அதனிடம் இல்லை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து அயனியை மேட்டுக்கு ஏற்றுவது பம்பின் வேலை. வாய்க்கால் கதவைத் திறக்கும், அவ்வளவே. அயனி தானாகவே சரிவில் இறங்கும்.

பினாங்குக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பம்பு என்பது பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரி. ஏற்றும், கடக்கும், இறக்கும். ஒரே நேரத்தில் இரு கரையிலும் அது நிற்க முடியாது. சோடியம்-பொட்டாசியம் பம்பும் அப்படித்தான், அதன் வாசல் உள்பக்கம் திறந்திருக்கும்போது வெளிப்பக்கம் மூடியிருக்கும். ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே, 1 ஏடிபி செலவு. வாய்க்கால் என்பது பாலம். தடுப்பு தூக்கப்பட்டால் இரு முனையும் ஒரே நேரத்தில் திறப்பு, வண்டிகள் விர்ரென்று போகும்.

வேக வித்தியாசத்தையும் எண்ணிப் பாருங்கள். பம்பு நொடிக்கு 100 சுற்று என்று வைத்தால் 300 சோடியம் அயனி. திறந்த வாய்க்கால் ஒன்றில் நொடிக்கு ஏறக்குறைய 1 கோடி அயனிகள் போகலாம். 'சோடியம் வாய்க்கால் ஏடிபியைப் பயன்படுத்திச் சோடியத்தை உள்ளே பம்பு செய்கிறது' என்று எழுதினால் அந்த ஒரே வரியில் இரண்டு பிழை.

ஒரு சிட்டிகை அயனி போதும்

செயல் மின்னழுத்தம், அதாவது நரம்பில் ஓடும் மின்துடிப்பு, பற்றிய மிகப் பிடிவாதமான தவறு இதுதான்: 'செயல் மின்னழுத்தத்தின்போது சோடியம் எல்லாம் உள்ளே போய்விடும், பொட்டாசியம் எல்லாம் வெளியே வந்துவிடும், பிறகு பம்பு அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.' படிக்கக் கோவையாக இருப்பதால்தான் இது இத்தனை ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. கணக்குப் போட்டால் உடனே சாய்ந்துவிடும்.

20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சவ்வின் மின்தேக்கம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட். இந்தச் செல்லின் பரப்புக்கு அது சுமார் 12.6 பைக்கோஃபாரட் ஆகும். மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்ற 1.26 பைக்கோகூலோம் மின்னூட்டம் வேண்டும். அதாவது ஏறக்குறைய 80 இலட்சம் அயனிகள். பெரிய எண் போலத் தெரிகிறதா? அதே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் 35,000 கோடி. 44,000க்கு ஒன்று நகர்ந்தால் வேலை முடிந்தது. சோடியம் பக்கம் பார்த்தால் உள்ளே 12 மில்லிமோல் இருந்தது 12.003 ஆகிறது. இரண்டு அயனிகளும் கொஞ்ச நேரம் எதிரெதிரே ஓடுவதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடச் சில மடங்கு கூடும். கூடினாலும் செறிவு அசைவதில்லை. மிக மெல்லிய நரம்பிழைகளில் மட்டும்தான் மாற்றம் கண்ணில் படும்.

ஆகவே மின்னழுத்தத்தைக் கீழே இறக்குவது பம்பு அல்ல. சோடியம் வாய்க்கால்கள் முடங்குவதும் பொட்டாசியம் வாய்க்கால்கள் திறப்பதுமே அதைச் செய்கின்றன. பம்பை நஞ்சிட்டு நிறுத்திய பிறகும் கணவாயின் ராட்சத நரம்பிழை நெடுநேரம் துடிப்புகளைக் கடத்தும். (அது ராட்சதக் கணவாயின் நரம்பிழை அல்ல. பாசாரில் கிடைப்பது போன்ற சாதாரண சோத்தோங்தான், அதன் நரம்பிழைதான் ராட்சதம், தடிமன் 1 மில்லிமீட்டர் வரை. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் தங்கள் சமன்பாடுகளை எழுதியது இதை வைத்துத்தான்.) பம்பின் பணி நீண்ட காலப் பராமரிப்பு.

கால்குலேட்டரில் நிகழும் விபத்துகள்

ஓர் அயனி எந்த மின்னழுத்தத்தில் சமநிலை அடையும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு 37 டிகிரி உடல் வெப்பத்தில் இவ்வளவுதான்: 61.5ஐ அயனியின் மின்னூட்ட எண்ணால் வகுத்து, (வெளியே ÷ உள்ளே) என்பதன் லாக்கால் பெருக்குங்கள். பொட்டாசியத்துக்கு 4 ÷ 140, லாக் −1.544, விடை −95 மில்லிவோல்ட். சோடியத்துக்கு +67.

வழக்கமான விபத்து, லாக் பொத்தானுக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் எல்என் பொத்தானை அழுத்துவது. அப்போது பொட்டாசியத்துக்கு −219 வரும். எந்தச் சாதாரண நரம்புச் செல்லிலும் இந்த எண் வராது, பார்த்ததும் சந்தேகப்பட வேண்டும். எல்என் போடத்தான் வேண்டுமென்றால் 61.5 அல்ல, 26.7. அடுத்தது, கால்சியத்துக்கு 2ஆல் வகுக்க மறப்பது. சரியான விடை +125, மறந்தால் +251. குளோரைடுக்கு மின்னூட்டம் −1 என்பதை விட்டுவிட்டால் −64 வரவேண்டிய இடத்தில் +64 வந்து நிற்கும். கணவாய் நரம்பிழைச் சோதனை 20 டிகிரியில் என்று வினாவில் இருந்தால் 61.5க்குப் பதில் 58.

துடிப்பு இல்லாதபோது சவ்வில் இருக்கும் ஓய்வு மின்னழுத்தம் −70 ஏன், −95 ஏன் இல்லை? 'பம்பு 3க்கு 2 என்று மாற்றுவதால்' என்று எழுதுகிறார்கள். பம்பு நேரடியாகத் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. 'ஓய்வில் எல்லா வாய்க்கால்களும் மூடியிருக்கும்' என்பதும் தவறு. பொட்டாசியத்தின் கசிவு வாய்க்கால்கள் ஓய்விலும் திறந்தே இருக்கும். சோடியமும் துளி கசியும். பொட்டாசியம் புகும் எளிமையை 1 என்றும் சோடியத்தினுடையதை 0.04 என்றும் வைத்து, பல அயனிகளின் கசிவையும் சேர்த்துக் கணக்கிடும் கோல்ட்மன் சமன்பாட்டில் போடுங்கள்: மேலே 4 + 0.04 × 145 = 9.8, கீழே 140 + 0.04 × 12 = 140.48. விடை −71. 4 சதவீதக் கசிவுதான் −95ஐ −71க்கு இழுத்து வருகிறது.

இதே எண்களை வைத்து இன்னொரு மூடநம்பிக்கையையும் கழித்துவிடலாம். 'குளோரைடு வாய்க்கால் திறந்தால் செல் எப்போதும் மேலும் எதிர்மறையாகும்' என்பார்கள். −71இல் இருக்கும் செல்லில் அது திறந்தால் மின்னழுத்தம் −64 பக்கம், அதாவது மேலே நகரும். இருந்தும் துடிப்பு அடங்கும். −64 என்பது துடிப்பு கிளம்பும் −55 வாசலுக்குக் கீழேதான் இருக்கிறது, குளோரைடு அதை அங்கேயே பிடித்துக் கட்டிவிடும்.

சல்லடை இல்லை

பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம், சோடியத்தினுடையது 0.95. சின்னது சோடியம். பெரியதை விடும் ஓட்டையில் சின்னது ஏன் நுழையாது? 'சல்லடை போல அளவு பார்த்து விடுகிறது' என்று எழுதியவர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

அயனி தனியாக வருவதில்லை, நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு வருகிறது. வடிகட்டிக்குள் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவு. பொட்டாசியம் வாய்க்காலின் வடிகட்டியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளி பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துவதால், கழற்றிய நீரின் இடத்தை ஆக்சிஜன்கள் ஈடுகட்டிவிடும். சோடியத்துக்கு அந்தச் சட்டை தொளதொள. எல்லா ஆக்சிஜனையும் அதனால் ஒரே நேரத்தில் தொட முடியாது, செலவு மீளாது, வெளியிலேயே நின்றுவிடும். 1998இல் ராடரிக் மெக்கினன் குழு ஒரு பாக்டீரிய வாய்க்காலின் கட்டமைப்பை வெளியிட்டபோது இது படமாகவே தெரிந்தது. 2003இல் அவருக்கு வேதியியல் நோபல். படம் வரையும்போதும் கவனம் வேண்டும்: இந்த வாய்க்காலில் வடிகட்டி வெளிப்பக்கம், கதவு உள்பக்கம். இரண்டையும் ஒரே இடத்தில் வரைந்து மதிப்பெண் இழப்பவர் நிறைய.

திறப்பு, மூடல், முடக்கம்

சோடியம் வாய்க்காலுக்கு இரண்டு நிலை என்று எழுதினால் பாதி விடைதான். மூடியது, திறந்தது, முடங்கியது என மூன்று. மின்னழுத்தம் ஏறியதும் திறக்கும், ஓரிரு மில்லிநொடிக்குள் உள்பக்கம் ஓர் அடைப்பு வந்து முடங்கும். முடங்கியதை எவ்வளவு தூண்டினாலும் திறக்காது. மின்னழுத்தம் மறுபடி கீழே இறங்கினால்தான் அது சாதாரண மூடிய நிலைக்குத் திரும்பும். நரம்புத் துடிப்பு பின்னோக்கி ஓடாமல் இருப்பதற்குக் காரணம் இந்த முடக்கமே. தனி வாய்க்கால் பாதி திறப்பதும் இல்லை. திறந்தால் முழுதாக, மூடினால் முழுதாக. வரைபடத்தில் வழுவழுப்பாகத் தெரியும் வளைவு, ஆயிரக்கணக்கான வாய்க்கால்களின் கூட்டுத்தொகை.

எந்தப் பக்கம் அடைபடுகிறது என்பதும் முக்கியம். பேத்தை மீனின், அதாவது ஈக்கான் புந்தாலின் நஞ்சான டெட்ரோடோடாக்சின் சோடியம் வாய்க்காலை வெளிப்பக்கமிருந்து அடைக்கும். சமைத்தால் அந்த நஞ்சு அழியாது. பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசி மருந்தான லிக்னோகெயின் உள்பக்கமிருந்து அடைக்கும். அது முதலில் சவ்வைக் கடந்து உள்ளே போக வேண்டும், கடக்கக்கூடியது மின்னூட்டமற்ற வடிவம் மட்டுமே. சீழ் பிடித்த ஈறு அமிலத்தன்மை கொண்டது. அங்கே மருந்தில் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்று வெளியிலேயே தங்கிவிடும். வீங்கிய பல்லுக்கு ஊசி சரியாக மரக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இளநீரும் இதயமும்

சிறுநீரகம் பழுதானவரிடம் இளநீர் வேண்டாம் என்பார்கள், அதில் பொட்டாசியம் நிறைய. இரத்தத்தில் அது 4இலிருந்து 8 ஆனால் என்ன ஆகும்? 'வெளியே நேர்மின் அயனி கூடியதால் உள்ளே மேலும் எதிர்மறை' என்பது வழக்கமான பதில். கணக்கு வேறு சொல்கிறது. பொட்டாசியத்தின் சமநிலை −95இலிருந்து −76க்கு வரும். கோல்ட்மனில் 4க்குப் பதில் 8 போட்டால் ஓய்வு மின்னழுத்தம் −71இலிருந்து −62க்கு ஏறும். வாசலுக்கு அருகில் வந்துவிட்டதே, இதயம் அதிகம் துடிக்குமே என்று எழுதினால் அடுத்த தவறு. மின்னழுத்தம் மேலேயே தங்குவதால் சோடியம் வாய்க்கால்கள் முடங்கிய நிலையிலேயே தேங்கும். கடத்தல் மந்தமாகி, இதயம் நின்றும்போகலாம். அவசரத்தில் கொடுக்கும் கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைத் துளியும் குறைக்காது, இதயச் சவ்வை நிலைப்படுத்தி நேரம் வாங்கித் தரும். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது குளுக்கோஸோடு கொடுக்கும் இன்சுலின்.

இன்சுலின் என்றதும் கணையம். அங்கேயும் ஒரு தலைகீழ்ப் பிழை காத்திருக்கிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் குளுக்கோஸ் கூடினால் பொட்டாசியம் வாய்க்கால் திறக்காது, மூடும். குளுக்கோஸ் எரிந்து ஏடிபி பெருகும், ஏடிபி அந்த வாய்க்காலை மூடும், வெளியேற வழியின்றி மின்னழுத்தம் ஏறும், கால்சியம் வாய்க்கால் திறக்கும் (காலியம் அல்ல), இன்சுலின் பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியேற்றும். நீரிழிவுக்குக் கிளினிக்கில் எழுதித் தரும் கிளிக்லசைடு மாத்திரை குளுக்கோஸுக்காகக் காத்திருக்காமல் அதே வாய்க்காலை நேரடியாக மூடுகிறது. காலையில் அதை விழுங்கிவிட்டு சனிக்கிழமை விரதம் என்று சாப்பிடாமல் இருப்பவருக்குச் சர்க்கரை மடமடவென்று இறங்குவது அதனால்தான். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இன்னொரு நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இந்த வாய்க்காலைத் தொடுவதே இல்லை. இரண்டும் ஒரே மருந்துப் பையில் வருகின்றன என்பதற்காக விடைத்தாளில் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.