திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தேன். இணையவழிக் குழுச் சிகிச்சை அமர்வு அது: உளநல வல்லுநர் ஒருவர் நடத்த, சிலர் கூடித் தங்கள் வேதனையைத் திரைவழியே பேசுவார்கள். அதுவரை வாய் திறக்காத ஒருவர் அன்றுதான் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்பது இங்கே வேண்டாம். அந்நேரம் பார்த்து அம்மா தேநீரோடு உள்ளே வந்து, "யாரோடு பிள்ளை கதைக்கிறாய்?" என்று திரையை எட்டிப் பார்த்தார். பேசியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அன்று முழுக்க அவர் மீண்டும் பேசவில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தாழ்ப்பாள் போடாதது நான்.

இணையவழிக் குழுச் சிகிச்சையில் சேருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நம் இரகசியம் வெளியே போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். மற்றவர்களின் இரகசியம் நம் வீட்டுக்குள் வந்திருப்பதை மறந்துவிடுகிறோம். ஹெட்போன் கட்டாயம் வேண்டும். "ஒன்றரை மணி நேரம் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் இருந்தபடி இணையாதீர்கள். பதிவு செய்வதும் திரையைப் படமெடுப்பதும் கூடவே கூடாது.

கொழும்பில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர், பாடசாலை, கோயில் மூன்றையும் சொன்னால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று எவராவது கண்டுபிடித்துவிடுவார். வேதனையைச் சொல்ல இந்த விவரங்கள் தேவையில்லை. சூமில் உங்கள் முழுப்பெயர் தெரிகிறதா என்று முதலிலேயே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தெரிந்த முகம் ஒன்று திரையில் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடாதீர்கள். நடத்துபவரிடம் தனியே சொல்லுங்கள். பிறகு அந்தத் தெரிந்தவரைச் சந்தையில் கண்டாலும் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம்.

எந்தக் குழு என்று கேட்காமலே சேருவதும் தவறு. ஆதரவுக் குழுவை அனுபவப்பட்டவர்களே நடத்தலாம். குழுச் சிகிச்சையை நடத்தப் பயிற்சி பெற்ற உளநல வல்லுநர் வேண்டும். அவருடைய தகுதி என்ன, எத்தனை வாரம், இடையில் புதியவர்கள் வருவார்களா, தமிழில் பேசலாமா என்று தயங்காமல் கேளுங்கள். இலண்டனிலிருந்து நடத்தப்படும் குழு என்றால் நேரத்தையும் கவனியுங்கள்: கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கெடுப்புத்தான். ஆனால் ஓரிரு அமர்வோடு "எனக்குச் சரிவராது" என்று விட்டுவிடாதீர்கள். அறிமுகமில்லாதவர்கள் மேல் நம்பிக்கை வரச் சில வாரங்கள் எடுக்கும். அழுகிறவரிடம் "கோயிலுக்குப் போங்கள், சரியாகிவிடும்" என்று புத்தி சொல்லவும் வேண்டாம். குழுவில் யாரோ சொன்னார் என்று வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் இருக்கும் முகவரியையும் நெருங்கியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் நடத்துபவரிடம் கொடுத்து வையுங்கள். திரையில் நீங்கள் உடைந்துபோனால் எந்த வீட்டுக்கு உதவி அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த வார அமர்வுக்காகக் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.