கிரானைட் கழிவுமேட்டின் சரிவில் செடி பிடிக்கச் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் வெட்டி முடித்த குவாரிகளை ஒட்டி, விலைபோகாத பாறைத் துண்டுகளைக் கொட்டிய மேடுகள் மொட்டையாக நிற்கின்றன. நிலக்கரிச் சுரங்க மேடுகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் கலந்திருந்தால் அமிலம் ஊறிச் செடியைக் கருக்கும் என்பதால், அங்கே மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இட நேரிடும். கிரானைட் மேட்டில் அந்தத் தொல்லை இல்லை. மண் இல்லாததும், பெய்த மழை கல்லிடுக்கில் இறங்கி மறைவதுமே இங்குள்ள குறைகள்.

கொட்டிய கல் தானாக நிற்கும் சரிவு 35 பாகையைத் தாண்டும். உரிய அனுமதி பெற்று, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 27 பாகைக்கு, பொக்லைன் வைத்து மேலிருந்து தணித்துவர வேண்டும். உயரமான மேட்டில் இடையிடையே படிபோல வெட்டிய, உட்புறம் சாய்ந்த தட்டுகள் தேவை. உச்சியில் வரப்புப் போடாவிட்டால், கீழே செய்த வேலை முழுவதும் ஒரே மழையில் போய்விடும்.

தட்டின் மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு மூங்கில்களை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கழி பிணைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால், குறுக்குக் கழியின் நடுக்கோட்டில் கயிறு நிற்கும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

இடுக்குகளைக் கல்பொடியால் அடைத்தபின், ஏரி வண்டலோடு மக்கிய தொழுவுரமும் மக்கிய தென்னை நார்க்கழிவும் கலந்து ஒரு சாண் கனத்துக்குப் பரப்ப வேண்டும். செலவு கட்டாவிட்டால் குழிகளில் மட்டும் நிரப்பலாம். கொழுக்கட்டைப் புல், கொழுஞ்சி, ஆவாரை, விராலி ஆகியவற்றின் விதைகளைத் தூவி, அதன்மேல் தென்னை நார் வலையை விரித்து முளையடிக்க வேண்டும். கொழுஞ்சி, ஆவாரை விதைகளின் தோல் கடினமானது. வெந்நீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அடியில் கை நுழையும் இடைவெளி இருந்தால் தண்ணீர் அதன் கீழே ஓடி விதையை அரித்துச் செல்லும். விதைப்பந்து வீசும் விழா படத்துக்கு அழகுதான். ஆனால் செங்குத்துச் சரிவில் பந்துகள் உருண்டு அடிவாரத்தில்தான் சேரும்.

இம்மாவட்டத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையே மழை மிகுதி. ஆடிப் பட்டத்துக்குள் விதைப்பு முடிந்துவிட வேண்டும். மரங்களுக்கு அவசரம் கூடாது. புல் வேர்பிடித்த இரண்டாம் ஆண்டில், தட்டுகளில் மட்டும் உசிலும் புங்கனும் நடலாம். சீமைக் கருவேலம் வேகமாக வளர்கிறதே என்று அதை நாடுவது பிறகு பெரும் தொல்லையாகும்.

ஆவாரையையும் விராலியையும் ஆடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. புல்லையும் உசிலையும் விடுவதில்லை. ஆகவே அடிவாரத்தில் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, நெருக்கி நட்டு வேலி எழுப்ப வேண்டும். முதல் ஆண்டில் ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் சரிவைச் சுற்றிப் பார்த்து, நீர் அறுத்த தடம் விரலளவு இருக்கும்போதே கல்லும் புல்கரணையும் வைத்து அடைத்துவிடுவது நல்லது. முழங்கால் ஆழமானபின் மறுபடியும் பொக்லைன்தான் வரவேண்டும்.