அமெரிக்க ரெசிடென்சி தேர்வுகள்: முதுநிலை நீட் பழக்கத்தால் நேரும் தவறுகள்

எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் முதுநிலை மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் நம் மருத்துவர்கள் பலர், ஸ்டெப் 1, 2, 3 என்ற படிகளாக நடக்கும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ தேர்வுகளை முதுநிலை நீட்டைப் போன்ற இன்னொரு தேர்வு என்று எண்ணியே தயாராகிறார்கள். முதுநிலை நீட்டில் இந்த ஆண்டு தரவரிசை சரியில்லையென்றால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம். பழைய முயற்சியைப் பற்றி எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. யுஎஸ்எம்எல்இயிலோ தேர்ச்சி பெற்ற தேர்வை மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மீண்டும் எழுத முடியாது. தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சியும் மதிப்பெண் அறிக்கையில் அழியாமல் நிற்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பு 6 ஆக இருந்த முயற்சிகளின் உச்சவரம்பு 2021இல் 4 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. ‘ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்’ என்ற மனநிலைக்கு இங்கே இடமில்லை.

அடிப்படை மருத்துவ அறிவியலைச் சோதிக்கும் ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் வெளியிடப்படுவதில்லை. தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே முடிவு வரும். இதனால் தேர்வு எளிதாகிவிட்டது என்று பலர் நினைத்தனர். உண்மையில் அதே சமயத்தில், வெளியிடப்படாத அந்த மதிப்பெண்ணில் தேர்ச்சிக்கான எல்லை 194இலிருந்து 196ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்து முதன்முறை எழுதியவர்களின் தேர்ச்சி விகிதம் 2021இல் 82 சதவீதமாக இருந்தது, 2022இல் 74ஆகச் சரிந்தது. தேர்வு நாளை முதலில் குறித்துக்கொண்டு, படிப்பை அதற்குள் அடக்கப் பார்ப்பதே இந்தச் சரிவில் சிக்குவோரின் பொதுவான பிழை என்பேன். யுஎஸ்எம்எல்இயை நடத்தும் அமைப்புகளில் ஒன்றான என்பிஎம்இ வழங்கும் சுயமதிப்பீட்டுத் தேர்வுகளில் தேர்ச்சி எல்லையைத் தெளிவாகத் தாண்டும் நிலை தொடர்ந்து வந்த பிறகே தேர்வு அறைக்குள் நுழைய வேண்டும். நாளைத் தள்ளிவைப்பதால் ஆகும் செலவு, ஒரு தோல்வியால் ஆகும் செலவைவிட எப்போதும் குறைவு.

முதுநிலை நீட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதால், தெரியாத வினாவை விட்டுவிடுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. யுஎஸ்எம்எல்இயில் அப்படிக் கழிப்பதில்லை. எனவே எந்த வினாவையும் விடையின்றி விடக்கூடாது. மருத்துவ அறநெறி, நோயாளியுடன் உரையாடும் முறை, உயிரியல் புள்ளியியல் ஆகியவற்றை ‘பொது அறிவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்குவதும் மதிப்பெண்ணை இழக்கச் செய்யும், ஏனெனில் இவற்றில் அமெரிக்கச் சூழலுக்கே உரிய விடைதான் எதிர்பார்க்கப்படுகிறது.

இவை அனைத்திலும் ஆபத்தானது ‘ரீகால்’ பழக்கம். தேர்வு எழுதி வந்தவர்கள் வினாக்களை நினைவிலிருந்து எழுதிப் பகிர்வதும், அதையே பயிற்சி மையங்கள் அச்சிட்டு விற்பதும் இங்கே வெகு இயல்பாக நடக்கிறது. யுஎஸ்எம்எல்இ விதிகளின்படி அவ்வாறு பகிர்வதும் குற்றம், தெரிந்தே பெற்றுப் படிப்பதும் குற்றம். 2024 ஜனவரியில், நேபாளத்துடன் தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்கள், தேர்ச்சி பெற்ற பின்னரும் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பும் கோப்பைத் திறக்கும் முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இவற்றோடு பெயர்ச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும்; கடவுச்சீட்டில் அது முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயருக்கான இடத்தில் அமர்ந்திருக்கும், அல்லது அந்த இடமே வெறுமையாக இருக்கும். தேர்வு அனுமதிச்சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால், தேர்வு நடக்கும் சென்னை ப்ரோமெட்ரிக் மையத்தின் வாசலிலிருந்தே திரும்ப நேரிடும். பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தை, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான இசிஎஃப்எம்ஜி கேட்கும். ஆகவே தேர்வுக்கு விண்ணப்பிக்க இணையக் கணக்குத் தொடங்குவதற்கு முன்பே கடவுச்சீட்டைத் திருத்திக்கொள்வதே முறை.

ஸ்டெப் 1இல் மதிப்பெண் இல்லாததால், பயிற்சி மருத்துவமனைகள் ஒப்பிட்டுப் பார்க்க எஞ்சியிருப்பது மருத்துவச் சிகிச்சை அறிவைச் சோதிக்கும் ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்தான். அதன் முடிவு வர வழக்கமாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். மருத்துவமனைகள் செப்டம்பர் இறுதியிலேயே விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகஸ்ட் கடைசியில் தேர்வெழுதி, முடிவு வராத நிலையில் விண்ணப்பிப்பவர் முதல் வடிகட்டலிலேயே விலக்கப்படலாம். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வையும் கடைசி மாதங்களுக்கு ஒதுக்கிவைக்காமல் முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும்.

விசாவைப் பற்றி இடம் கிடைத்த பிறகு யோசிக்கலாம் என்பதும் பிழையான கணக்கு. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் செல்பவர், விலக்குப் பெறாவிட்டால், பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். எச்-1பி என்ற வேலை விசா வேண்டுமென்றால் ஸ்டெப் 3 தேர்வை முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். 2 நாள் நடக்கும் அந்தத் தேர்வை இந்தியாவில் எழுத முடியாது, அமெரிக்க மண்ணுக்கே செல்ல வேண்டும். எச்-1பியை நம்பித் திட்டமிடுபவர், புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசித் தவறு, நேர்காணல்கள் முடிந்தபின் மேட்ச்சுக்கான, அதாவது விண்ணப்பதாரர்களையும் மருத்துவமனைகளையும் இரு தரப்பு விருப்பப்படி கணினி வழியே இணைக்கும் முறைக்கான, விருப்பப் பட்டியலை இடும்போது நேர்கிறது. ‘நமக்கு எங்கே கிடைக்கும்’ என்று ஊகித்து, அந்த இடத்தைப் பலர் மேலே வைக்கிறார்கள். 2012இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத் வடிவமைப்பில் பங்கேற்ற அந்தக் கணிமுறை, விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. கிடைப்பதற்கு அரிதான மருத்துவமனையை முதலில் வைப்பதால், அடுத்ததற்கான வாய்ப்பு சிறிதும் குறையாது. செல்ல மனமில்லாத மருத்துவமனையை, எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் சேர்ப்பதும் தவறு. அங்கே இடம் அமைந்துவிட்டால் அது இரு தரப்பையும் கட்டும் ஒப்பந்தம். உரிய விலக்குப் பெறாமல் மறுப்பவர் அடுத்துவரும் மேட்ச்சுகளில் பங்கேற்கத் தடையைச் சந்திக்க நேரலாம்.