ஒருமுறை அமைத்த ஒலி விளைவுகளைப் பல கிளிப்புகளில் பயன்படுத்துவது எப்படி?

இரணைமடுக் குளக்கட்டில் நின்று ஒரு கமக்காரர் அரை மணிநேரம் பேசினால், தொகுக்கும்போது அந்தப் பேச்சு முப்பது நாற்பது கிளிப்புகளாகத் துண்டுபட்டுவிடும். காற்றொலியை ஒவ்வொன்றிலும் தனித்தனியே குறைக்க முற்பட்டால் நேரம் வீணாவது ஒருபுறமிருக்க, குரலின் தன்மையும் கிளிப்புக்குக் கிளிப்பு சிறிது மாறி, ஒரே மனிதர் வெவ்வேறு இடங்களில் நின்று பேசுவது போலக் கேட்கும்.

முதலில், எந்தக் கிளிப்புகள் ஒரே தொகுதி என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பேசுபவரை வைத்தோ பதிவுசெய்த நாளை வைத்தோ பிரிப்பதைவிட, ஒலிவாங்கியையும் இடத்தையும் வைத்துப் பிரிப்பதே சரியானது என்பது என் அனுபவம். வட்டுவாகலில் சோளகக் காற்று வீசும்போது எடுத்த பதிவுக்கும், முள்ளியவளையில் ஒரு வீட்டு விறாந்தையில் மின்விசிறி சுழல எடுத்த பதிவுக்கும் தேவைப்படும் திருத்தங்கள் வேறு.

ஒவ்வொரு தொகுதியிலும் தணிந்த பேச்சும் உரத்த பேச்சும் கலந்த ஒரு கிளிப்பைத் தெரிந்தெடுத்து, ஹெட்போனில் கேட்டபடி விளைவுகளை அமையுங்கள். வரிசை இங்கே மிக முக்கியம். முதலில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர், அடுத்து குறிப்பிட்ட அலைவெண்களைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்குவலைசர், பிறகு உரத்த ஒலிக்கும் தணிந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரசர், கடைசியில் ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் என்பது பேச்சுக்குப் பொருந்தும் ஒழுங்கு. காற்றின் தாழ்ந்த உறுமலை நீக்காமல் கம்ப்ரசரை முன்னால் வைத்தால், அது குரலுக்குப் பதிலாக உறுமலுக்கே இயங்கி, காற்று அடிக்கும் போதெல்லாம் பேச்சையும் சேர்த்து அமுக்கிவிடும். ஹைபாஸை 80 ஹேர்ட்ஸில் தொடங்கி, குரல் மெலியத் தொடங்கும் இடம் வரை மெல்ல உயர்த்திவிட்டுச் சற்றுக் கீழே இறக்குங்கள். மின்சார இணைப்பினால் வரும் இரைச்சல் இலங்கையில் 50 ஹேர்ட்ஸில் இருக்கும். ஹைபாஸ் அதைக் குறைத்தாலும் 100, 150 ஹேர்ட்ஸ்களில் அதன் மடங்குகள் எஞ்சக்கூடும் என்பதால், அவற்றுக்கு ஒரு குறுகிய அலைவெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் தேவைப்படலாம். காற்று ஒலிவாங்கியில் மோதி ஒலி சிதைந்து பதிந்த இடங்களை எந்த விளைவும் முழுமையாக மீட்காது. அங்கே வேறு கிளிப்பைத் தேடுவதே நல்லது.

அமைப்பு மனதுக்கு நிறைவளித்தபின், அதை மற்றக் கிளிப்புகளுக்குக் கொண்டுபோக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நகலெடுத்து ஒட்டுவது. வீடியோத் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் அமைத்த கிளிப்பைத் தெரிந்து கன்ட்ரோல் சி அழுத்தி, மற்றக் கிளிப்புகளை ஒன்றாகத் தெரிந்து ஆல்ட் வி அழுத்தினால், பேஸ்ட் அட்ரிபியூட்ஸ் என்ற பெட்டி திறக்கும். எவற்றை ஒட்டவேண்டுமோ அவற்றை மட்டும் குறியிடலாம். அடோபி பிரீமியர் புரோவில் இதற்கான விசைகள் கன்ட்ரோல், ஆல்ட், வி ஆகிய மூன்றும். இலவச மென்பொருளான ஷாட்கட்டில் ஃபில்டர்ஸ் பலகத்திலேயே நகலெடுக்கவும் ஒட்டவும் பொத்தான்கள் உள்ளன.

இரண்டாவது, பெயரிட்டுச் சேமிப்பது. பிரீமியரில் வேண்டிய விளைவுகளைத் தெரிந்து ப்ரீசெட்டாகவும், ஷாட்கட்டில் ஃபில்டர் தொகுதியாகவும் சேமித்து வைத்தால், அடுத்த காலபோகத்தில் அதே குளக்கட்டுக்குப் போனாலும் அங்கிருந்தே தொடங்கலாம். 'பேச்சு 1' என்று பெயரிடாமல், 'குளக்கட்டு, காற்று, சட்டை ஒலிவாங்கி' என இடமும் கருவியும் தெரியப் பெயரிடுங்கள்.

மூன்றாவது வழியையே நீண்ட நேர்காணல்களுக்கு நான் விரும்புகிறேன்: கிளிப்புக்கு அல்லாமல், கிளிப்புகள் அடுக்கப்படும் தடமாகிய ட்ராக்குக்கே விளைவுகளை இடுவது. ஒரே தொகுதியைச் சேர்ந்த கிளிப்புகள் அனைத்தையும் ஒரே ட்ராக்கில் அடுக்கி, ஷாட்கட்டில் ட்ராக்கின் தலைப்பகுதியைச் சொடுக்கி ஃபில்டர்களைச் சேர்க்கலாம். ரிசால்வின் ஃபெயர்லைட் மிக்சரிலும் பிரீமியரின் ட்ராக் மிக்சரிலும் இதே வசதி உண்டு. பின்னர் ஓர் அளவை மாற்றினால் அனைத்துக் கிளிப்புகளிலும் அது மாறும். நகலெடுத்து ஒட்டியவற்றில் அப்படி மாறாது.

ஒட்டக்கூடாதவையும் உண்டு. ஒலியளவு, அது நேரத்துக்கு நேரம் மாறும்படி இட்ட கீபிரேம்கள் என்ற புள்ளிகள், ஒரு கிளிப்பின் ஒலியை அளந்து அதைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரக் கணக்கிட்ட நார்மலைஸ் அளவு ஆகியவை அந்தந்தக் கிளிப்புக்கே உரியவை. ஒருமுறை நான் எல்லாப் பெட்டிகளையும் குறியிட்டு ஒட்டியதால், ஒரு மூதாட்டியின் சொற்கள் நடுவே தேய்ந்து மறைந்தன. முந்தைய கிளிப்பின் முடிவுக்காக நான் இட்டிருந்த ஒலிக்குறைப்பு அவருடைய பேச்சின் மேல் வந்து விழுந்திருந்தது. கிளிப்புகளின் ஒலியளவை முதலில் ஓரளவு சமப்படுத்திக்கொண்டால் கம்ப்ரசரும் எல்லாவற்றிலும் ஒரே விதமாக இயங்கும்.

பேச்சுக்கென அமைத்ததைக் கூத்துப் பதிவுக்கு ஒட்ட வேண்டாம். ஹைபாஸ் மத்தளத்தின் அடிநாதத்தை மெலியவைக்கும்; கம்ப்ரசரோ கூத்தை நடத்தும் அண்ணாவியார் தணிந்து தொடங்கி உச்சத்துக்கு ஏறும் அந்த ஏற்றத்தையே தட்டையாக்கிவிடும். கூத்துக்குத் தனி ட்ராக் ஒதுக்கி, லிமிட்டர் ஒன்றை மட்டும் இட்டுத் தொடங்குங்கள்.

ஒட்டி முடித்தபின் ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் சில விநாடிகள், விளைவுகளை அணைத்தும் இயக்கியும் கேட்டுப் பாருங்கள். ஒரே விளைவு கிளிப்பிலும் ட்ராக்கிலும் இரண்டு தடவை விழுந்திருந்தால், குரல் மூக்கடைத்தது போல ஒலிப்பதிலிருந்தே அது தெரிந்துவிடும். அப்போது கிளிப்பில் உள்ளதை நீக்கிவிட்டு ட்ராக்கில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.