தனிக்கட்டை ஜவான்களைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவடி, பரங்கிமலை, தாம்பரம், எங்கே பார்த்தாலும் புதிதாக செக்ஷன் (சிறு படைக்குழு) பொறுப்பேற்பவர்கள் நாம் வேலை பழகிய காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கல்யாணமாகாதவன், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவன், இருவருக்கும் பேரக்குதான், அதாவது படைவீரர் குடியிருப்புக் கூடம்தான், வீடு. அதட்டாதே, குடியைக் கவனி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

ரோல் காலில் (ஆஜர் எடுக்கும்போது) விசாரிப்பது

"யாருக்காவது பிரச்சினை இருக்கா?" என்று மொத்தப் பேர் முன்னால் கேட்டால் "இல்லை சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

மனம் திறந்தவனை ஊரறிய ஒதுக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருவன் தயங்கித் தயங்கி "வாழவே பிடிக்கலைண்ணே" என்று சொல்கிறான். கேட்டவர் பதறிப்போய், மறுநாள் காலை ஃபாலினில் (அணிவகுத்து நிற்கும்போது) அவன் பெயரைச் சொல்லியே காவல் பணியிலிருந்து எடுக்கிறார். துப்பாக்கி எல்லார் கண்ணெதிரிலும் கோத்துக்கு (ஆயுத அறைக்கு) போகிறது, கட்டில் தனி அறைக்குப் போகிறது. மத்தியானத்துக்குள் லங்கர் (சமையற்கூடம்) வரை பேச்சு. அவனுக்கு அவமானமும் தனிமையும் கூடிவிட்டன. அதைவிட, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவன் இனி வாயே திறக்க மாட்டான்.

ஆயுதத்தை எட்டாமல் வைப்பது கட்டாயம். அதைச் சத்தமில்லாமல் செய்யுங்கள். அன்றிரவே டியூட்டி லிஸ்டை மாற்றி, ஆயுதம் தேவைப்படாத, ஆனால் ஆள் புழங்குகிற வேலையில் போடுங்கள்: லங்கர், ஸ்டோர், வண்டி ஷெட். காரணம் தெரிய வேண்டியது கம்பெனி கமாண்டர், சுபேதார் சாகிப், மருத்துவ அதிகாரி, துணையாகக் கூடவே இருக்கப்போகும் ஜோடி ஜவான், இவர்களுக்கு மட்டும். கட்டில் அதே பேரக்கில், அந்த ஜோடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

"செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" என்று தனியே, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அந்த நேரமே மருத்துவ அதிகாரியிடம் அழைத்துப் போங்கள். காலை வரை தள்ளிப்போடாதீர்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் பழகிய ஒருவர் கூடப் போக வேண்டும்.

லீவு கொடுத்தால் சரியாகிவிடும் என்பது

சிக்கலே வீட்டில் என்றால்? சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டால் வடகிழக்குக்காரன் இரண்டு நாள் தனியே பயணம் செய்கிறான், அதுவும் அந்தச் சிக்கலை நோக்கி. முதலில் ஊரில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நிலத் தகராறு என்றால் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தோடு அந்த மாவட்டக் கலெக்டருக்குக் கடிதம் போகட்டும். தமிழ்நாட்டுக்காரன் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் துணைக்கு ஆள், வீட்டில் பொறுப்பானவருக்கு முன்கூட்டியே போன்.

லீவு முடிந்து வந்தவனை அன்றிரவே சென்ட்ரியில் (ஆயுதக் காவலில்) நிறுத்துவது

வேண்டாம்.

கைமாற்றை அலட்சியம் செய்வது

சம்பளம் வந்த வாரமே ஐநூறும் ஆயிரமுமாகப் பலரிடம் கைமாற்று கேட்கிறானா? பெரும்பாலும் கடன் செயலி அல்லது ஆன்லைன் ரம்மி. கணக்குப் பார்த்து, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கூட உட்கார்ந்து எழுதுங்கள்.

உதவி எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது

ஆபீஸ் வாசலில் நின்று யாரும் அதைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே அதன் தனிப் பிரிவும் தொடங்கப்பட்டது. யூனிட்டுக்குத் தெரியவே கூடாது என்று நினைப்பவனுக்கு, சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்ணையும் சேர்த்து ஒட்டுங்கள்: 044-24640050.