பிரான்சின் நாட்டுப்புறக் கற்பாலம்: அதன் வரலாற்றைக் கண்டறியும் முறை

பிரான்சின் சிற்றூர்களில் பழைய கற்பாலம் ஒன்றின் வயதை விசாரித்தால், ரோமானியர் கட்டியது என்றோ சாத்தான் கட்டியது என்றோ விடை வருவது வழக்கம். இரண்டையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றை நம்பித் தேடலைத் தொடங்க வேண்டாம். ரோமானியப் பாலம் என்று ஊரார் அழைப்பவற்றுள் பல இடைக்காலத்தைச் சேர்ந்தவை. சாத்தான் பாலம் எனப்படும் ஏரோ ஆற்றுப் பாலமோ, 11ஆம் நூற்றாண்டில் அனியான், ஜெலோன் ஆகிய இரு மடங்களின் துறவியர் எழுப்பியது.

முதலில் பார்க்க வேண்டியது பாலத்தின் அடிப்பகுதி. கோடையில் நீர் குறைந்திருக்கும்போது கரையில் இறங்கி, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். வளைவு அரைவட்டமா, கூர்முனையா என்பதை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிப்பது ஆபத்தானது. கூர்முனை வளைவுகளுக்குப் பெயர்போன கோதிக் பாணி ஓங்கியிருந்த 1321-1341 ஆண்டுகளில் செரே ஊரில் கட்டப்பட்ட பாலம், ஏறக்குறைய 45 மீட்டர் அகலத்தைக் கூர்முனையற்ற ஒற்றை வளைவால் தாண்டுகிறது. அதைவிட நம்பகமான சான்று கற்களின் இணைப்பில் இருக்கிறது. பாதையின் போக்கிலேயே உட்புறம் நெடுகக் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாத நேர்கோடு ஓடினால், பாலம் பின்னாளில் அகலப்படுத்தப்பட்டது என்று பொருள். அந்தக் கோட்டின் இருபுறமும் கல்லின் நிறம், உளித்தடம், சாந்து ஆகியவற்றை ஒப்பிடுங்கள். கட்டுமானத்தின்போது மரச்சாரம் தாங்கிய குழிகளும் கொத்தர் செதுக்கிய குறிகளும் ஒருபுறம் மட்டும் காணப்பட்டால், பழைய பகுதி அதுவாக இருக்கலாம். மேலே உள்ள கைப்பிடிச் சுவரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அது பலமுறை மாற்றப்பட்டிருக்கும்.

அடுத்தது ஆவணங்கள். இவற்றை அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பதே என் பரிந்துரை, ஏனெனில் பிற்காலப் பழுதுபார்ப்புகளைக் கழித்த பிறகே இடைக்காலப் பகுதி எது என்பது துலங்கும். கஓர் நகரில் 1308இல் தொடங்கப்பட்ட வலான்த்ரே பாலத்தின் கோபுரத்தில் கல்லைப் பெயர்க்க முயலும் சாத்தானின் சிற்பம் உண்டு. பழமையானதுபோல் தோன்றும் அது, 1879இல் சீரமைப்பை நடத்திய போல் கூ என்னும் கட்டடக் கலைஞர், அப்பாலத்தைச் சாத்தானோடு இணைக்கும் ஊர்க்கதைக்குப் பொருத்தமாகச் சேர்த்தது.

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஆவணங்கள் எழுத்துக் குறியிட்ட தொடர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; அவற்றுள் எஸ் (S) தொடர் பொதுப்பணிகளுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் பழுதுபார்ப்பு மதிப்பீடுகளையும் வரைபடங்களையும் அங்கே தேடலாம். 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரான நில அளவை வரைபடங்கள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிரான்ஸ் முழுவதையும் காட்டும் 18ஆம் நூற்றாண்டின் கசீனி வரைபடம், அன்று அவ்விடத்தில் பாலம் இருந்ததா, ஓடத்துறைதான் இருந்ததா என்று காட்டும். நுணுக்கங்களை அதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கும் முன்னால் செல்ல, மடங்களின் ஏடுகள் அடங்கிய எச் (H) தொடரையும் சுங்க உரிமை பற்றிய பத்திரங்களையும் நாட வேண்டும்.

அங்கே பாலப்பணிக்குப் பணம் ஒதுக்கும் உயிலொன்று கிடைத்தால், அதன் தேதியைக் கட்டிய ஆண்டாக எழுதிவிடாதீர்கள். அந்தப் பணம் புதிய கட்டுமானத்துக்கா, வெள்ளம் இடித்த தூணைச் செப்பனிடவா என்பதை உயிலின் வாசகம் தெளிவாகச் சொல்லாதவரை, அந்த ஆண்டில் பாலப்பணி நடந்தது அல்லது திட்டமிடப்பட்டிருந்தது என்று மட்டும் பதிவு செய்யுங்கள்.