ஐந்து சிரட்டையும் ஐம்பது விதையும்: பிரித்தானியத் தேர்தல் முறையை ஊரில் விளங்கப்படுத்துவது எப்படி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் உலக அரசியல் கதைக்கிறோம். இருபது பேர் வரை வருவார்கள். பாதிப்பேருக்கு லண்டனில், ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ பிள்ளையோ மருமகனோ இருக்கிறார்கள். 2024 ஜூலை 4 பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு ஓர் அண்ணா கேட்டார்: "தொழிற்கட்சியிலை நிண்ட எங்கட உமா குமரனும் வென்றிட்டா, தொழிற்கட்சிக்கு 411 ஆசனம். அப்ப அங்கை சனம் இடதுபக்கம் திரும்பிட்டுதோ ரீச்சர்?"

திரும்பவில்லை. 2017இல் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிற்கட்சி 40 வீத வாக்கு எடுத்து 262 ஆசனத்தோடு தோற்றது. 2024இல் அதே கட்சி 33.7 வீதம் எடுத்து, 650 ஆசனத்தில் 411ஐ வென்றது. வாக்கு குறைந்தது, ஆசனம் கூடியது. நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள், இளவயதிலிருந்தே இடதுசாரி. இதைக் கரும்பலகையில் அட்டவணை போட்டுச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பாதிக் கதிரை காலி. அடுத்த மாதம் சிரட்டையும் விதையும் கொண்டுபோனேன், ஒருவரும் எழும்பவில்லை. உங்கள் ஊரிலும் செய்துபார்க்க விரும்பினால், இப்படிச் செய்யலாம்.

ஐந்து சிரட்டை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தொகுதி. பிறகு ஐம்பது விதை: மஞ்சாடி 17, புளியங்கொட்டை 12, கடலை 7, சோளம் 6, பயறு 8. மஞ்சாடி சிவப்பு என்பதால் அது தொழிற்கட்சி. புளியங்கொட்டை பழமைவாதக் கட்சி. கடலை ரிஃபோர்ம் யூகே என்கிற வலதுசாரிக் கட்சி. சோளம் லிபரல் ஜனநாயகக் கட்சி. பயறு, பசுமைக் கட்சியும் மீதிப்பேரும். இந்த எண்ணிக்கை 2024இல் விழுந்த வாக்கு வீதத்தின் பாதி, அவ்வளவுதான்.

விதைகளை இப்படிப் போடுங்கள். முதல் இரண்டு சிரட்டையிலும் மஞ்சாடி 4, புளியங்கொட்டை 3, கடலை 2, பயறு 1. மூன்றாவதில் மஞ்சாடி 4, பயறு 3, கடலை 2, புளியங்கொட்டை 1. நாலாவதில் புளியங்கொட்டை 4, மஞ்சாடி 3, பயறு 2, கடலை 1. ஐந்தாவதில் சோளம் 6, மஞ்சாடி 2, புளியங்கொட்டை 1, பயறு 1. இதை முன்கூட்டியே வீட்டில் செய்து, ஒவ்வொரு சிரட்டையையும் கடதாசியால் மூடிக்கொண்டு போங்கள். சனத்துக்கு முன்னால் எண்ணிப் போட்டால் நேரம் வீணாகும்.

பிறகு ஐந்து பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சிரட்டையை எண்ணச் சொல்லுங்கள். எது கூடவோ அது வென்றது. மஞ்சாடிக்கு 3, புளியங்கொட்டைக்கு 1, சோளத்துக்கு 1. கடலைக்கு ஒன்றுமில்லை, பயறுக்கும் ஒன்றுமில்லை. யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "ஏழு கடலைக்கு ஒண்டுமில்லை, ஆறு சோளத்துக்கு எப்படி ஒண்டு கிடைச்சது?" அந்தக் கேள்வி வரும்வரை நீங்கள் வாய் திறக்கவேண்டாம். வந்ததும் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 வீத வாக்கு, 5 ஆசனம். லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 12.2 வீதம், 72 ஆசனம். சோளம் ஒரே சிரட்டையில் குவிந்து கிடந்தது, கடலை எல்லா இடமும் சிதறிக் கிடந்தது.

அடுத்தது சுளகு. ஐந்து சிரட்டையையும் ஒரு சுளகில் கொட்டி, விதைகளை இனம் பிரித்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். வரிசைகளின் நீளம்தான் நாடு கேட்டது, சிரட்டையில் கண்டது நாட்டுக்குக் கிடைத்தது. வாக்கு வீதப்படியே பிரித்தால் தொழிற்கட்சிக்கு 219 ஆசனம் அளவில்தான் வரும். எங்கள் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் அடுக்கினார்கள், பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிளேன்ரீ கொடுக்க இதுதான் நல்ல நேரம்.

ரீ குடிக்கும்போது பழங்கதை சொல்லலாம். 1951இல் பிரித்தானியாவில் தொழிற்கட்சிக்குத்தான் கூடுதல் வாக்கு, ஆனால் சேர்ச்சிலின் கட்சி 321 ஆசனத்தோடு ஆட்சிக்கு வந்தது, தொழிற்கட்சிக்கு 295. அதைவிட எங்கள் நாட்டுக் கதைதான் சனத்துக்குப் பிடிபடும். அதே பிரித்தானிய முறையில் நடந்த 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 வீத வாக்குக்கு 168 ஆசனத்தில் 140ஐ எடுத்தது. இடதுசாரிச் சமசமாஜக் கட்சிக்கு ஒன்றுமில்லை. அந்த ஆறில் ஐந்து பலத்தைக் கொண்டுதான் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். வாக்குப் போட்டவர்களில் பாதிப்பேருக்குக் கொஞ்சம் மேலானவர்களின் வாக்கை வைத்து முழு நாட்டுக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறை. எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்காத கணக்கு அது.

யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் ஒரு மறுப்பு வரும். அதற்கு ஆயத்தமாகப் போங்கள். "அந்த முறையாலைதானே அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர்?" உண்மை. 1977இல் சுதந்திரக் கட்சிக்கு 30 வீதத்துக்குக் கிட்ட வாக்கு, 8 ஆசனம். அமிர்தலிங்கத்தின் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவு, 18 ஆசனம். எங்கள் வாக்கு சோளம் மாதிரி ஒரே இடத்தில் குவிந்திருந்தது. 2015இல் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 4.7 வீதத்துக்கு 56 ஆசனம் எடுத்ததும் இப்படித்தான். இதை மறைக்கவேண்டாம். நான் சொல்லும் பதில் இது: எங்களுக்கு 18 ஆசனம் தந்த அதே முறை அவர்களுக்கு 140 தந்தது. 140க்கு முன்னால் 18 என்ன செய்யமுடிந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

வாக்கு வீதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை சுத்தமானது என்றும் சொல்லிவிடாதீர்கள். 2024 நவம்பரில் அந்த முறையில் நடந்த எங்கள் பாராளுமன்றத் தேர்தலில், யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி கால்வாசி வாக்கோடு 6 ஆசனத்தில் 3ஐ எடுத்தது. வாக்கு பல குழுக்களுக்குச் சிதறியதும், முதலிடக் கட்சிக்குப் போகும் போனஸ் ஆசனமும், 5 வீதத்துக்குக் குறைந்தவர்களைக் கழிக்கும் வெட்டும் சேர்ந்து செய்த வேலை. எந்த முறை என்றாலும் சின்ன எழுத்தில் உள்ள விதிகளைப் படிக்கவேண்டும்.

இன்னொரு கேள்வி இடதுசாரிகளுக்கு உள்ளேயே உள்ளது. விகிதப்படி கொடுத்தால் ரிஃபோர்ம் கட்சிக்கு 5க்குப் பதில் 93 ஆசனம் அளவில் வருமே, குடிவந்தவர்களுக்கு எதிரானவர்களை நாங்களே உள்ளே விடுவதா? எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டவர் மகனை ஈஸ்ட்ஹாமில் வைத்திருக்கும் அம்மா. அவரின் பயம் நியாயமானது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வாக்கு தொழிற்கட்சிக்கு 411 கொடுக்குமென்றால், நாளைக்கு அதே மூன்றில் ஒரு பங்கு ரிஃபோர்முக்கும் முழு ஆட்சியைக் கொடுக்கும். விகிதாசார முறையில் அவர்கள் மற்றவர்களையும் சம்மதிக்கவைக்க வேண்டிவரும். முதல் மூன்று சிரட்டையிலும் இரண்டிரண்டு கடலையைக் கூட்டி, இரண்டிரண்டு மஞ்சாடியை எடுத்துக் காட்டினேன். மூன்றும் கடலைக்குக் கைமாறின. தொழிற்கட்சியின் 2022 மாநாட்டிலேயே விகிதாசார முறைக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. 2024 தேர்தல் அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

1, 2, 3 என்று விருப்பு வரிசை போடும் முறையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வராமல், விருப்பு வாக்குகளையும் எண்ணும் இரண்டாம் எண்ணிக்கை வரை போனதை எல்லோரும் பார்த்தார்கள். பாராளுமன்றத்துக்கு வரிசை முறை வேண்டுமா என்று பிரித்தானியாவில் 2011இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 67.9 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அது விகிதாசார முறையல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள்.

கடைசி அரை மணித்தியாலம் ஐந்து கேள்விக்கு. பிரபுக்கள் பட்டத்தை 1963இல் துறந்து மக்கள் சபைக்குத் திரும்பிய இடதுசாரி டோனி பென், அதிகாரத்தில் உள்ள எவரிடமும் கேட்கச் சொன்னவை. உன்னிடம் என்ன அதிகாரம் உண்டு? அதை எங்கிருந்து பெற்றாய்? யாருடைய நன்மைக்காகப் பாவிக்கிறாய்? யாருக்குப் பதில் சொல்கிறாய்? உன்னை நாங்கள் எப்படி அகற்றுவது? இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவரைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மேற்சபையான பிரபுக்கள் சபையின் உறுப்பினராக இருத்தி, மற்றவர்களைக் கேட்கவிடுங்கள். அங்கே யாரையும் நாட்டு மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 26 பேர் பதவி வழியாகவே சட்டம் செய்ய அமர்கிறார்கள். ஐந்தாவது கேள்விக்கு எங்கள் 'பிரபு'வால் பதில் சொல்லமுடியவில்லை. நாங்கள் 1971இலேயே எங்கள் மேற்சபையான செனட் சபையை ஒழித்தோம் என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா எழும்பிச் சொன்னார்.

கலையமுன் ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். பிரித்தானியாவில் தங்க அனுமதியோடு வாழும் பொதுநலவாய நாட்டவர் 18 வயதானால் அங்கே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு போதும், பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பதிந்திருந்தால் சரி. வாக்குச்சாவடியில் இப்போது படத்தோடு அடையாள ஆவணம் கேட்கிறார்கள், அதற்கும் அந்தக் கடவுச்சீட்டே செல்லும். என் மருமகன் பதினொரு வருடம் லண்டனில் இருந்தும் இது தெரியாமல் இருந்தான். எங்கள் கூட்டத்தில் அந்த இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் ஏழு பேருக்குச் செய்தி போனது.

சுவரில் ஒட்டிய கடதாசியை நாங்கள் கழற்ற மறந்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் ஒரு தங்கச்சி அதைக் காட்டி, எங்கள் நிலையத்தின் நிர்வாகக் குழுவைக் கடைசியாக எப்போது தெரிவுசெய்தோம் என்று கேட்டா. ஏழு வருடம் ஆகியிருந்தது. செயலாளர் கோபிக்கவில்லை, திகதி குறித்தார். 1, 2, 3 போட்டுத்தான் வாக்களித்தோம். வாக்குச்சீட்டுகளை அதே சுளகில்தான் எண்ணினோம்.